ஐம்பத்து மூன்று வயது மாணவி

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அக்கா தன்னைத்தானே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவார். பதிவறையிலிருந்து தான் எழுதிய பழைய அறிக்கை ஒன்றை எடுத்து வருவார். மூன்று வருஷத்துக்கு முந்தையது, பத்து வருஷத்துக்கு முந்தையது, எது கைக்கு அகப்படுகிறதோ அது. நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, முன்பின் தெரியாத யாரோ எழுதியதைப் பார்ப்பதுபோல் புருவத்தை உயர்த்தி வாசிப்பார். நடுநடுவே "யாரும்மா எழுதினது இதை?" என்று முணுமுணுப்பு வேறு. உறுத்துகிற வாக்கியம் ஏதாவது வந்தால், பெயர் முகவரி இல்லாமல் அதை மட்டும் கோடு போட்ட நோட்டின் இடப்பக்கத்தில் எழுதிக்கொள்வார். வலப்பக்கத்தில் எப்போதும் ஒரே கேள்விதான்: எப்படித் தெரியும்?

'தாய்க்குப் பொறுமை கிடையாது.' எப்படித் தெரியும்? 'குழந்தைகள் நலமாக இருக்கிறார்கள்.' எப்படித் தெரியும்? இப்படிப் பதினேழு நோட்டுகள் அவர் மேஜையின் கடைசி இழுப்பறையில் இருக்கின்றன. ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். இரண்டு பக்கம் தாண்டுவதற்குள், நான் இதுவரை எழுதிய அறிக்கைகளெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. மூடி வைத்துவிட்டேன்.

எங்களுடையது குடும்பநல அலுவலகம். அக்காவும் நானும் சமூகப் பணியாளர்கள். வீடுகளுக்குப் போய்ப் பார்ப்பது, பேசுவது, எழுதுவது எங்கள் வேலை. ஒரு குழந்தை சொந்த வீட்டில் இருக்கலாமா, கொஞ்ச காலம் வேறு குடும்பத்தில் இருக்க வேண்டுமா என்பதற்கு முதல் வார்த்தை எங்கள் பேனாவிலிருந்துதான் வரும். அக்காவுக்கு இதில் இருபத்தாறு வருஷம். எனக்கு அவர் பக்கத்து மேஜையில் பதினான்கு வருஷம். எனக்கும் ஐம்பது தாண்டிவிட்டது என்றாலும் அவருக்கு நான் 'தம்பி'தான். அலுவலக டிரைவர் அவருக்கு 'மாணவி' என்று பெயர் வைத்தார். மேலதிகாரி வரைக்கும் அது பரவிவிட்டது. அக்காவுக்கும் தெரியும். கோபமெல்லாம் இல்லை.

வருஷத்துக்கு நாற்பது மணி நேரம் பயிற்சி பெற வேண்டும் என்பது எங்கள் விதி. நான் அதில் கெட்டிக்காரன். மண்டபத்தின் கடைசி வரிசை, தூணுக்குப் பின்னால் ஓர் இருக்கை, மதியச் சாப்பாடு, மாலையில் சான்றிதழ். என் மேஜைக்கு மேலே பதினொன்று தொங்குகின்றன, எல்லாம் லேமினேட் செய்தவை. அக்காவிடம் சான்றிதழ் பஞ்சம். அவர் கற்றுக்கொள்கிற இடங்களில் அதைக் கொடுக்கிற வழக்கமில்லை. மலம் சேர வயிற்றில் பை வைத்துக்கொண்டிருக்கிற நோயாளிக்கு அதை மாற்றுவது எப்படி என்று பொது மருத்துவமனை நர்ஸ் ஒருவரிடம் மூன்று ஞாயிறு போய்ப் படித்தார். மனைவியை அடிக்கிறவர்கள் நீதிமன்றத்தில் எப்படிப் பேசுகிறார்கள் என்று கேட்பதற்கு, பத்து புதன்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வருஷாந்தப் படிவத்தில் 'பயிற்சி அளித்த நிறுவனம்' என்ற கட்டத்தில் 'மருத்துவமனை மூன்றாவது மாடி, பெரிய நர்ஸ்' என்று எழுதியிருந்தார். படிவம் திரும்பி வந்தது. அக்கா அதை நிதானமாகப் பார்த்துவிட்டு 'மூன்றாவது' என்பதை அடித்து 'நான்காவது' என்று திருத்தி மறுபடியும் அனுப்பினார். மாடி எண் தப்பாம்.

வீட்டிலும் இதே கதைதான். வீட்டுக்காரர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர், அதிகம் பேசமாட்டார். மகள் இதே சமூகப்பணிப் படிப்பில் இரண்டாம் வருஷம். அவள் வாங்கி வருகிற பாடப்புத்தகத்தை அவள் பிரிப்பதற்குள் அம்மா படித்து முடித்துவிடுவார். சாப்பாட்டு மேஜையில் கேள்விகள் வரும். அந்தப் பெண் ஒருநாள் என்னிடமே வந்து முறையிட்டாள்: "மாமா, பரீட்சை எனக்கா எங்கம்மாவுக்கான்னு நீங்களாவது கேட்டுச் சொல்லுங்க." கேட்டேன். அக்கா சிரிக்கவில்லை. பத்து நிமிஷம் கழித்து, வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நகைச்சுவை அவரிடம் போய்ச் சேர அவ்வளவு நேரம் பிடிக்கும். பழகியவர்கள் காத்திருப்போம்.

யார் வீட்டுக்குப் போனாலும் இருப்பதிலேயே தாழ்வான இடத்தில் உட்காருவார். அடிக்கடி சொல்வது ஒரே வாக்கியம்: "எனக்குத் தெரியல, நீங்கதான் சொல்லிக்குடுக்கணும்." ஆரம்பத்தில் இது ஒரு தந்திரம் என்றுதான் நினைத்தேன். நாலைந்து வருஷம் கழித்துத்தான் புரிந்தது, அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார்.

போன வருஷம் அவருக்கு ஒரு சந்தேகம் முளைத்தது. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் நம் அலுவலகப் படிவங்களை எப்படிச் சமாளிக்கிறார்கள்? அதைப் பற்றிப் புத்தகத்தில் தேடினார், திருப்தியில்லை. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வாரம் மூன்று நாள் சாயங்காலம் ஐந்தரை மணிக்குப் பெரியவர்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கிற வகுப்பு நடந்தது. அங்கே போய், பென்சில் சீவிக் கொடுக்க ஆள் வேண்டுமா என்று கேட்டாராம். டீச்சர் சேர்த்துக்கொண்டார். ஏழு வாரம் பென்சில் சீவினார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

எட்டாவது வாரம், சலவைக்கடையில் வேலை பார்க்கிற ஓர் அம்மா, தன் பெயரை முதல்முறையாகத் தப்பில்லாமல் எழுதிய சந்தோஷத்தில், பென்சிலை நீட்டிக்கொண்டே சொல்லியிருக்கிறார்: "நான் இருபது வருஷமா எங்க போனாலும் கண்ணாடிய வீட்டுல மறந்துட்டு வந்தவதாங்க. பேங்க்ல, ஆஸ்பத்திரில, பிள்ளைங்க ஸ்கூல்ல, எல்லா இடத்துலயும் அதே பேச்சுதான். கண்ணாடின்னு ஒண்ணு இருந்தாத்தானே மறக்கறதுக்கு." வகுப்பே சிரித்ததாம். பாதிப்பேர் தங்களுக்கும் அதே கதைதான் என்றார்களாம். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. பத்து நிமிஷம் கழித்தும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை நான் வந்தபோது அவர் மேஜையில் ஒரு கோப்பு திறந்திருந்தது. குளிர்பதனக் கிடங்கில் மூட்டை இறக்குகிற ஒருவருடையது. (அந்தக் குடும்பத்தை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) மனைவி இறந்துவிட்டார். மாறி மாறி வருகிற ஷிப்ட். நாலரை வயது மகளை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார். அக்கம்பக்கத்தார் தகவல் சொல்ல, நாங்கள் குழந்தையை ஒரு வளர்ப்புக் குடும்பத்தில் தற்காலிகமாகச் சேர்த்தோம். மகளைப் பார்க்க எங்கள் அலுவலகத்துக்கு வரவேண்டிய தேதிகளைக் கடிதத்தில் அனுப்பினோம். ஆறு தேதியில் ஒன்றுக்குத்தான் வந்தார். மகளைத் திரும்பப் பெற என்னென்ன செய்ய வேண்டும் என்று திட்டத்தாள் கொடுத்தோம். எதையும் செய்யவில்லை. ஒன்றரை வருஷம் ஓடிப்போயிருந்தது. குழந்தையை அந்தக் குடும்பத்துக்கே நிரந்தரமாகக் கொடுத்துவிடலாம் என்பது எங்கள் பரிந்துரை. குழந்தைகள் நலக் குழு கூடி முடிவெடுக்கப் பன்னிரண்டு நாள் இருந்தது.

அக்கா ஒரு வாக்கியத்தின்மேல் விரலை வைத்துக் காட்டினார். அவர் கையெழுத்துதான். 'அவர் வீட்டில் நடந்த மூன்று சந்திப்புகளிலும் கண்ணாடியை மறந்துவிட்டதாகக் கூறி, திட்டத்தாளை வாசிக்கக்கூட முயலவில்லை. மகளைத் திரும்பப் பெறுவதில் அக்கறை இருப்பதாகத் தெரியவில்லை.' பக்கத்தின் அடியில் இரண்டு கையெழுத்து. இரண்டாவது என்னுடையது. அந்த அறிக்கையை நான் முழுதாக வாசிக்கவே இல்லை என்பதையும் இங்கே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். அக்கா எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று போட்ட கையெழுத்து அது.

நான் அப்போது சொன்னதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. வளர்ப்புக் குடும்பம் நல்ல குடும்பம், குழந்தையும் பழகிவிட்டது, ஒரு சலவைக்கடை அம்மா சொன்னதை வைத்துக்கொண்டு முடிந்துபோன கோப்பைக் கிண்ட வேண்டுமா என்றேன். இருபத்தாறு வருஷப் பெயர் கெட்டுவிடும் என்றும் சொன்னேன். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. "அந்த அம்மா சொன்னது அவங்களப் பத்தி, தம்பி. இவரப் பத்தி நமக்கு என்ன தெரியும்? அதத்தான் பாக்கணும்" என்றார்.

பார்க்கிறேன் என்றால் அக்கா அரைகுறையாகப் பார்க்கமாட்டார். நேரே வாசலுக்குப் போய்க் காவலாளியிடம் வருகைப் பதிவேட்டைக் கேட்டார். ஒன்றரை வருஷத்துப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். நாங்கள் கடிதத்தில் எழுதிய ஆறு தேதிகளில் ஒன்றில்தான் அந்த மனிதர் பெயர் இருந்தது. ஆனால் நாங்கள் எழுதாத ஒன்பது தேதிகளிலும் இருந்தது. ஒன்பது முறையும் காவலாளிதான் அவர் சார்பில் பெயரை எழுதியிருக்கிறார். "ஆமாம்மா, ஒரு பையோட வருவாரு. இன்னிக்கு இல்லையே, லெட்டர்ல தேதி போட்டிருக்குமே, பாக்கலையான்னு கேப்பேன். தலைய ஆட்டிட்டுப் போயிடுவாரு" என்றார் காவலாளி. நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

அன்றைக்கே கிளம்பினோம். வீட்டுக்குப் போவதென்றால் இரண்டு பேராகப் போக வேண்டும் என்பது விதி. போகிற வழியில் அக்கா எப்படிக் கேட்கப்போகிறார் என்று எனக்கு ஒரே படபடப்பு. உங்களுக்குப் படிக்கத் தெரியாதா என்று ஒரு மனிதனின் முகத்துக்கு நேராகக் கேட்க முடியுமா? வகுப்பு டீச்சர் அக்காவுக்கு ஒன்று சொல்லியிருந்தாராம்: சோதித்துப் பார்க்காதீர்கள், அந்த மனுஷன் வாழ்நாள் முழுக்கத் தப்பித்ததே அந்தச் சோதனையிலிருந்துதான்.

ஒற்றை அறை. சுவரோரமாக ஒரு குழந்தைக் கட்டில், துவைத்த விரிப்புடன். அந்த மனிதர் எங்களுக்கு நாற்காலி போட்டார். அக்கா வழக்கம்போல அதை விட்டுவிட்டு வாசற்படிக்குப் பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். கேள்வியே கேட்கவில்லை. "எங்க ஆபீஸ் லெட்டரெல்லாம் யாருக்கும் புரியாத மாதிரி எழுதறோம். தேதிய நான் வாயால சொல்லியிருக்கணும். சொல்லல. அந்தத் தாளையும் உக்காந்து வாசிச்சுக் காட்டியிருக்கணும். அதையும் செய்யல. தப்பு என்னுது" என்றார். அவ்வளவுதான். பிறகு சும்மா இருந்தார்.

அவரைப்போலச் சும்மா இருக்க என்னால் முடியாது. நான் வாயைத் திறக்கப்போனேன், அக்கா என் பக்கம் திரும்பாமலே கையைக் கொஞ்சம் உயர்த்தினார். அடக்கிக்கொண்டேன்.

அந்த மனிதர் எழுந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். அதற்குள் எங்கள் அலுவலகக் கடிதங்கள். எல்லாம் உறையோடு, வந்த வரிசையில், ரப்பர் பேண்ட் போட்டு. "எல்லாம் பத்திரமா இருக்குங்க. ஒண்ணைக்கூடத் தூக்கிப் போடல" என்றார். வேறு யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கலாமே என்று நான் கேட்டே விட்டேன். "பாப்பாவ எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு கிடங்குல யாருக்கும் தெரியாதுங்க. ஊர்ல சித்தி வீட்டுல இருக்கான்னு சொல்லி வெச்சிருக்கேன்" என்றார். அக்கா அந்தக் கடிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து வாசித்துக் காட்டினார். ஒன்றரை வருஷத்துத் தேதிகளையும் அந்த மனிதர் அன்றுதான் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார், இனிமேல் அந்த நாட்களுக்கெல்லாம் போய்விட முடியும் என்பது மாதிரி.

குழுவில் ஐந்து பேர். தலைவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர், கறாரான பெண்மணி. அக்கா எழுந்து நின்று, அறிக்கையில் தான் எழுதிய நான்கு வாக்கியங்களைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். பதிவேட்டின் பக்கங்களை முன்னால் வைத்தார். தலைவருக்குக் கோபம். இவ்வளவு அனுபவம் உள்ளவர் இப்படி எழுதலாமா, ஒரு குழந்தையின் வாழ்க்கை அல்லவா என்றார். அக்கா சமாளிக்கவில்லை. "லெட்டர் போட்டாப் படிச்சிருப்பாங்கன்னு நெனச்சுட்டேன்ம்மா. படிக்க முடியுமான்னு யோசிக்கல. வராததுக்கு வேற காரணம் இருக்கும்னும் தோணல" என்றார். இதை எந்தப் பயிற்சியில் கற்றுக்கொண்டீர்கள் என்று ஓர் உறுப்பினர் கேட்டார். ஒரு சலவைக்கடை அம்மா சொல்லிக்கொடுத்தார் என்று பதில் வந்தது. உறுப்பினர் அதை எழுதிக்கொள்வதா வேண்டாமா என்று பேனாவை வைத்துக்கொண்டு தடுமாறினார். எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. பெருமையும் வந்தது. நான் எழுந்து, இரண்டாவது கையெழுத்து என்னுடையது, வாசிக்காமல் போட்டது என்றேன். பதினான்கு வருஷத்தில் நான் பெற்ற ஒரே பயிற்சி அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

குழு ஆறு மாதம் தள்ளிவைத்தது. ஆறு மாதமும் அக்கா ஒவ்வொரு சந்திப்புக்கும் முதல் நாள் ஒரு முறை, அன்று காலை ஒரு முறை போனில் பேசினார். திட்டத்தாளில் இருந்ததையெல்லாம் வரி வரியாக வாயால் சொன்னார். அந்த மனிதர் இருபத்துநாலு சந்திப்புக்கு இருபத்துநாலும் வந்தார், பெரும்பாலும் அரை மணி முன்னதாக. கிடங்கில் பேசிப் பகல் ஷிப்டுக்கு மாறிக்கொண்டார். பள்ளிக்கூடம் விட்டபின் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு காப்பகத்தில் இடமும் பிடித்தார். வகுப்பில் சேர்கிறீர்களா என்று அக்கா கேட்டதற்கு மட்டும், "பாப்பா வரட்டும்மா, அப்புறம் பாத்துக்கலாம்" என்று நழுவிவிட்டார். அக்காவும் வற்புறுத்தவில்லை.

இதற்கிடையில் அக்காவின் பணிக்கோப்பில் கண்டனக் குறிப்பு ஒன்று ஏறியது. மேற்பார்வையாளர் பதவி அவருக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தது வேறொருவருக்குப் போனது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. அக்கா அந்தக் குறிப்பில் இருந்த 'போதிய விசாரணையின்றி எழுதியுள்ளார்' என்ற வாக்கியத்தை நோட்டின் இடப்பக்கத்தில் எழுதினார். எட்டிப் பார்த்தேன். வலப்பக்கத்தில் கேள்வி எதுவும் இல்லை. 'சரி' என்று மட்டும் இருந்தது. இப்போது எங்கள் அலுவலகத்தில் எந்தக் கடிதம் போனாலும் பின்னாலேயே ஒரு போன் போகிறது. அந்த வழக்கத்தை அறிவித்த சுற்றறிக்கையில் அக்காவின் பெயர் இல்லை. அதனால்தான் இந்தப் பத்திரிகையில் எழுதுகிறேன், இங்கேயும் பெயர் போடக்கூடாது என்று அவர் சொல்லிவிட்டாலும்.

மகளை அப்பாவிடமே ஒப்படைக்கலாம் என்று குழு முடிவெடுத்த பின், போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அதற்கான கையெழுத்து நடந்தது. பக்கத்து அறையில் குழந்தை தன் பையுடன் உட்கார்ந்திருந்தாள். வளர்ப்புத் தாய் அழுத கண்ணோடு அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். உள்ளே ஒப்படைப்புப் பத்திரம், நான்கு பக்கம். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று அந்த மனிதர் கேட்டார். அவருக்கு எதையும் கேட்கிற பொறுமை அப்போது இல்லை, கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேஜையைச் சுற்றி வந்து, அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து வாசித்துக் காட்டத் தொடங்கினார்.

மூன்றாம் பக்கத்தில் ஒரு பத்தி இருந்தது. தந்தைக்கு அக்கறை இல்லை என்று பணியாளர் எழுதியது தவறு என்றும், அந்தத் தவறால் மகள் தந்தையைவிட்டு ஓராண்டு கூடுதலாகப் பிரிந்திருக்க நேர்ந்தது என்றும் குழு பதிவு செய்திருந்தது. அதுவரை அப்படி ஒன்று எழுதப்பட்டிருந்ததே அந்த மனிதருக்குத் தெரியாது. கடிதத்தின் தப்பு, தேதியின் தப்பு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். அக்கா அதைத் தாண்டிப் போயிருந்தால் அவருக்குத் தெரியப்போவதும் இல்லை.

அக்கா அந்தப் பத்தியை நிறுத்தி நிதானமாக வாசித்தார். அந்த மனிதர் கதவிலிருந்து கண்ணை எடுக்காமலே தலையாட்டினார். அக்கா அவர் திரும்பும்வரை காத்திருந்தார். திரும்பியதும் அதையே இன்னொரு முறை சொன்னார். இந்த முறை தாளைப் பார்க்கவில்லை.